வீரர் கைமாற்றம் (உதைபந்தாட்டம்)

வீரர் கைமாற்றம் என்பது ஒரு கழகத்தில் பதிவாகியுள்ள உதைபந்தாட்ட வீரர் இன்னொரு கழகத்துக்குப் பதிவு மாறுவதாகும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது மாறினால், வாங்கும் கழகம் விற்கும் கழகத்துக்குப் பணம் கொடுக்கும். சில வேளைகளில் பணத்துக்குப் பதிலாகவோ பணத்தோடு சேர்த்தோ வேறொரு வீரரை அனுப்பும். நட்சத்திர வீரர்கள் கைமாறுவதற்கு அடிக்கடி காரணமாவது ஒப்பந்தப் பிணக்கு. வீரர் தன் ஆட்டத்துக்கேற்ற சம்பளம் கேட்பார், கழகம் தயங்கும். ஒப்பந்தம் முடிந்து அவர் சும்மா போவதைவிட இப்போதே விற்றுவிடுவது மேல் என்று நிர்வாகம் முடிவெடுக்கும். அந்த முடிவில் வீரரின் சொல்லுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் விளையாட்டுச் சம்மேளனங்களிலும் நடந்துவரும் வழக்கு.

பழைய முறை

இங்கிலாந்தில் 1885-இல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமானது. வீரர்கள் பருவத்துக்குப் பருவம் நினைத்த கழகத்துக்குத் தாவுவதைத் தடுக்கப் பதிவு முறை வந்தது. 1888-இல் தொடங்கிய லீக்கில் அது இறுகியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பதிவு கழகத்தின் கையிலேயே இருந்தது. கழகம் விடாவிட்டால் வீரர் வேறெங்கும் ஆட முடியாது, சம்பளமும் கிடைக்காது. இதோடு 1901-இலிருந்து சம்பள உச்சவரம்பும் நடைமுறையில் இருந்தது. ஆனால் கழகங்களுக்கு இடையே கைமாறிய தொகைக்கு வரம்பு இருக்கவில்லை. 1905-இல் அல்ஃப் கொமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுணுக்கு மாறினார். வீரரின் விலை ஏறியபோதும் அவருடைய கூலி கட்டப்பட்டே கிடந்தது.

ஈஸ்ட்ஹாம் வழக்கு

நியூகாசில் யுனைட்டட் கழகத்தின் முன்னணி வீரர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாமுக்குத் தங்கும் வீடு, மேலதிக வேலை ஆகியவை பற்றிக் கழகத்தோடு மனக்கசப்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, தன்னை விடுவிக்கும்படி கேட்டார். கழகம் விடவில்லை. அவர் ஆடுவதை நிறுத்திவிட்டு, நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். மாதக்கணக்கான இழுபறிக்குப் பிறகு, 1960 ஒக்டோபரில் நியூகாசில் அவரை 47,500 பவுணுக்கு ஆர்சனலுக்கு விற்றது.

தான் கேட்டது கிடைத்த பின்னும், கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கை ஈஸ்ட்ஹாம் கைவிடவில்லை. வீரர் சங்கம் அவருக்குத் துணை நின்றது. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்துவைக்கும் விதி நியாயமற்ற தொழில் தடை என்று 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். வாரத்துக்கு 20 பவுண் என்றிருந்த சம்பள உச்சவரம்பு, ஜிம்மி ஹில் தலைமையிலான வீரர் சங்கத்தின் போராட்டத்தால் 1961 ஜனவரியிலேயே நீங்கியிருந்தது. அதன் பின் ஃபுல்ஹாமின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண் பெற்றார். ஈஸ்ட்ஹாம் 1966-இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்துக் குழாமில் இடம்பெற்றார்.

பொஸ்மன் தீர்ப்பு

ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பணம் கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் அதன் பின்னும் நீடித்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜோன்-மார்க் பொஸ்மனின் ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங் பெற்றுவந்தவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 பிராங்கே தருவதாகக் கழகம் சொன்னது. பிரான்சின் டன்கெர்க் கழகம் அவரை எடுக்க முன்வந்தும் கைமாற்றுப் பேச்சு முறிந்தது. லியேஜ் அவரை ஆடவும் விடவில்லை.

1995 டிசெம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையே, ஒப்பந்தம் முடிந்த வீரருக்குக் கைமாற்றுத் தொகை கேட்கக்கூடாது என்றும், ஒன்றியக் குடிமக்களை வெளிநாட்டவர் எண்ணிக்கை வரம்புக்குள் அடக்கக்கூடாது என்றும் அது கூறியது. பேரம் பேசும் பலம் அன்று வீரர் பக்கம் சாய்ந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் நிற்கும் நட்சத்திரத்துக்குக் கழகம் ஒன்றில் சம்பளத்தை உயர்த்த வேண்டும், அல்லது உடனே விற்க வேண்டும். இன்று நாம் காணும் பெரும்பாலான ஒப்பந்தப் பிணக்குகள் அந்தக் கடைசி ஆண்டில்தான் வெடிக்கின்றன. பொஸ்மனோ ஐந்து ஆண்டு வழக்கில் தன் ஆட்டக் காலத்தையே இழந்தார். பின்னால் வந்தவர்கள் வாங்கும் சம்பளத்தில் அவருடைய இழப்பும் அடங்கியிருக்கிறது.

இன்றைய விதிகள்

சர்வதேச சம்மேளனமான பீபாவின் விதிப்படி, எழுத்து மூல ஒப்பந்தம் உள்ளவரும் ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் பெறுபவருமே தொழில்முறை வீரர். மற்ற எல்லாரும் அமெச்சூர் வீரர்கள். ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மூன்று ஆண்டுகள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வீரர் வேறு கழகத்தோடு உடன்படலாம். கழகம் இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்தபின் வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். தகுந்த காரணமின்றி முறித்தால் நட்டஈடு உண்டு. ஒப்பந்தத்தின் பாதுகாக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில் முறித்தால் ஆடத் தடையும் விதிக்கப்படும்.

வீரரை வளர்த்த கழகங்களுக்கும் பங்குண்டு. நாடு விட்டு நாடு நடக்கும் கைமாற்றத்தில், தொகையின் 5 சதவீதம் அவர் 12 வயது முதல் 23 வயது வரை பதிவாகியிருந்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதன் பின் ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

அமெரிக்க முறை

ஒப்பந்தப் பிணக்கால் நட்சத்திரங்கள் கைமாறுவது அமெரிக்கக் கால்பந்திலும் உண்டு, ஆனால் அது வேறு விளையாட்டு. அதன் கைமாற்ற முறையும் வேறு. அங்கே அணிகள் பணம் கொடுத்து வாங்குவதில்லை. வீரருக்கு வீரரையோ, வருங்காலத்தில் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமையையோ கொடுக்கின்றன. ஒப்பந்தத்தில் தனி நிபந்தனை இல்லாவிட்டால் வீரரின் சம்மதம் தேவையில்லை. 1984-இல் ஒரே பருவத்தில் பந்தோடு 2,105 யார் ஓடிச் சாதனை படைத்த எரிக் டிக்கர்சன், சம்பளப் பிணக்கின் முடிவில் 1987 ஒக்டோபர் 31-இல் மூன்று அணிகள் சேர்ந்த பரிமாற்றத்தில் ராம்ஸ் அணியிலிருந்து கோல்ட்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். 2025 ஓகஸ்டில் டலஸ் கவ்போய்ஸ் அணி, ஒப்பந்தப் பேச்சு முறிந்த மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கைமாற்றியது. புதிய அணி அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18.8 கோடி டொலர் கொடுத்தது.

இந்தியாவில்

கொல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் வீரர்களுக்காகப் போட்டியிட்ட காலத்தில், கையெழுத்து நாள் வரை வீரரை ஒளித்துவைப்பதுகூட வழக்கமாக இருந்தது. 1985-இல் கிருஷாணு தேயும் விகாஷ் பாஞ்சியும் ஒன்றாக மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது இன்றும் பேசப்படுகிறது.

இந்தியன் சூப்பர் லீக் வந்த பிறகு கைமாற்றம் ஒப்பந்தத்தாள் சார்ந்ததாக மாறியது. 2023-இல் சென்னையின் எஃப்சியில் 2016 முதல் ஆடிய அனிருத் தாப்பா மோகன் பகானுக்குப் போனார். அதே ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் தன் செல்லப்பிள்ளை சகல் அப்துல் சமதை மோகன் பகானுக்குக் கொடுத்து, பிரீதம் கோட்டாலையும் பணத்தையும் பெற்றது. 2023-24 பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்ற திமித்ரியோஸ் தியமந்தகோஸ், கேரளாவோடு ஒப்பந்த நீடிப்பில் உடன்பாடு எட்டாததால் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் கேரளாவுக்குக் கைமாற்றுத் தொகை ஏதும் இல்லை.

மோகன் பகானில் நான்கு ஆண்டு இரவல் ஒப்பந்தத்தில் இருந்த அன்வர் அலி, 2024-இல் அதை முறித்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். இந்திய சம்மேளனத்தின் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் ஈஸ்ட் பெங்காலும் தாய்க் கழகமான தில்லி எஃப்சியும் சேர்ந்து 12.9 கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்றது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் போனதும் அந்த உத்தரவு விலக்கப்பட்டு மறுவிசாரணைக்குச் சென்றது.

இலங்கையும் கிழக்குக் கரையும்

இலங்கையில் தொழில்முறை லீக் என்ற பெயரோடு சூப்பர் லீக் 2021-இல் பத்துக் கழகங்களுடன்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் பல நல்ல வீரர்களுக்குச் சோறு போட்டது தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் தந்த அரச வேலை. அங்கே கழகம் மாறுவதென்றால் உத்தியோகத்தையே விடவேண்டும். ஆகவே சம்பளம் கேட்டுப் பேரம் பேசும் நட்சத்திரம் நம் நாட்டில் அரிது. கூடுதல் வருமானம் தேடியவர்கள் மாலைதீவுக்குப் போனார்கள். தேசிய அணிக் கோல் காப்பாளர் சுஜான் பெரேராவும் மன்னார் தந்த டக்சன் பியூஸ்லஸும் அங்கு ஆடியவர்கள்.

மட்டக்களப்பில் வெபர் மைதானம் நகர விளையாட்டின் மையம். வடக்கே, திருகோணமலை வீதியில் வாகரைப் பிரதேசத்தின் பனிச்சங்கேணி போன்ற வாவிக்கரை ஊர்களில் விளையாட்டுக் கழகம் என்பது ஊர்ப் பிள்ளைகள் தாமே கட்டி நடத்துவது. அங்கே வளரும் வீரரை நகரக் கழகமொன்று போட்டிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் அழைத்துக்கொள்ளலாம். எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாத அவர் பீபாவின் கண்ணில் அமெச்சூர் வீரர். சம்பள நிலுவைக்கு வழக்காட அவரிடம் தாள் இல்லை. அவரை விற்கக் கழகத்துக்கும் உரிமை இல்லை.

ஊர்க் கழகத்தின் நிலையும் இதுவே. பனிச்சங்கேணிப் பிள்ளை ஒருவர் 12 முதல் 15 வயது வரை ஊர்க் கழகத்தில் முறையாகப் பதிவாகி, பின்னாளில் தொழில்முறை வீரராக ஒரு கோடி ரூபாய்க்கு நாடு விட்டு நாடு கைமாறினால், அந்த நான்கு ஆண்டுகளுக்காக ஊர்க் கழகத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் சேரவேண்டும். பதிவேடு இல்லாவிட்டால் ஒரு சதமும் வராது. ஆகவே கிழக்கின் கழகங்கள் இன்றே செய்யவேண்டியவை இரண்டு. ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் மாவட்ட லீக் வழியாகச் சம்மேளனத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பணம் பேசும் எந்தக் கழகத்திடமும் எழுத்தில் ஒப்பந்தம் கேட்க வேண்டும். ஈஸ்ட்ஹாமும் பொஸ்மனும் வென்ற உரிமைகள் ஒப்பந்தத்தாள் கையில் உள்ளவருக்கே பயன்படும்.