திரையில் விழுந்த தூசு

புதுவையில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு ஆண்டே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுக்கும் பணியில் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை, ஃபிலிமில் பதிந்தவை.

பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டொன்றை ரிஃப்ளெக்ஸ் காமிராவில் நோக்குவதாகக் கொள்வோம். லென்ஸ் தரும் பிம்பம் உள்ளாடியில் பட்டு, மேலுள்ள குவியத்திரையில் விழும். அத்திரையில் ஒரு தூசு இருந்தால் எழுத்தின்மேல் புள்ளி வைத்ததுபோல் தோன்றும். ஆனால் படமெடுக்கும் கணத்தில் ஆடி விலக, ஒளி நேரே ஃபிலிமைச் சேர்வதால் அத்தூசு படத்தில் பதியாது. ரப்பர் உருண்டையால் காற்றடித்தால் போதும். துணியால் தேய்த்தால் திரையில் கீறல் நிலைத்துவிடும்.

ஃபிலிமின்மேல் படிந்த தூசோ ஒளியை மறித்து நெகட்டிவில் தங்கிவிடும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது அரிது. எனவே படத்தில் காணும் புள்ளி உளி வைத்ததா, கல்லின் பொத்தலா, தூசா என்று நாம் ஐயுற்றே ஆகவேண்டும். கல்லில் தாள் ஒற்றி எடுத்த மசிப்படியோடு ஒப்பிட்ட பின்னரே அதை வாசிப்பில் சேர்க்கலாம். கண்ணை உறுத்தும் தூசைவிட, கண்ணுக்குத் தெரியாமல் ஆவணத்தில் ஏறிவிடும் தூசுக்கே நாம் அஞ்சவேண்டும்.