வானம்பாடி போட்ட மார்க்

ஒரு டாக்டர் உங்களை எடை மெஷினில் மட்டும் ஏற்றிப் பார்க்கிறார். ‘போன மாசத்தைவிட மூணு கிலோ ஏறியிருக்கீங்க... பேஷ்!’ என்று அனுப்பிவிடுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம்? ம்ஹூம், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! மேற்கு ஐரோப்பா தன் வயல்களுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் இப்படித்தான் வைத்தியம் பார்த்தது.

சிரிப்பதற்கு முன், அவர்கள் பட்ட பசியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1944-45 குளிர்காலம். ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தின் மேற்குப் பகுதியில் சாப்பாடு இல்லை. டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டுபோனார்கள். யுத்தம் முடிந்த கையோடு அங்கே உணவு அமைச்சராக வந்தவர் சிக்கோ மான்ஷோல்ட். 36 வயது விவசாயி! 1962-ல் ஆறு நாடுகள் சேர்ந்து கொண்டுவந்த பொது விவசாயக் கொள்கையின் சிற்பியும் அவர்தான்.

கொள்கை ரொம்ப சிம்பிள். விலை சரிந்தால், உறுதி சொன்ன விலைக்குச் சர்க்காரே வாங்கிக்கொள்ளும். அளவுகோல் ஒன்றே ஒன்று... டன்! பசி ஒழிந்தது, நிஜம். ஆனால், 1980-களில் கிடங்குகளில் வெண்ணெய் மலைமலையாகக் குவிந்து கிடந்தது.

அதே 1962-ல் பிரிட்டனில் (அது அப்போது இந்தக் கூட்டணியில் இல்லை) சில தன்னார்வலர்கள் பைனாகுலரும் நோட்டுமாக வயல்களில் இறங்கிப் பறவைகளை எண்ண ஆரம்பித்தார்கள். வெட்டி வேலை என்று தோன்றுகிறதா? பிற்பாடு சாட்சி சொன்னது அந்தக் கணக்குதான். 1970-களுக்குப் பிறகு பிரிட்டனின் வானம்பாடிகளில் பாதிக்கு மேல் காணோம்!

காரணம் என்ன? வானம்பாடி தரையில் கூடு கட்டும். முன்பு வசந்தத்தில் விதைத்த தானியத்தை, மகசூலுக்காக முந்தைய இலையுதிர் காலத்திலேயே விதைக்கத் தொடங்கினார்கள். பறவை கூடு கட்ட வரும்போது பயிர் உயரமாக, நெருக்கமாக நின்றது. அறுத்த வயலில் சிதறிய மணிகளைப் பொறுக்கித்தான் அது குளிர்காலத்தை ஓட்டும். வயல்தான் சும்மா கிடப்பதே இல்லையே! போதாக்குறைக்குப் பூச்சிமருந்து வேறு.

1999-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு காரியம் செய்தது. நாட்டின் நலனைக் காட்டும் 15 முக்கிய அளவீடுகளில், பொருளாதார உற்பத்தியோடு காட்டுப் பறவைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தது. வயல்வெளிப் பறவைக் கணக்கை ஐரோப்பிய யூனியனும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

அளந்துவிட்டால் போதுமா? அங்கேதான் வேடிக்கை. 2015 முதல், விவசாயிகளுக்கு நேரடியாகத் தரும் மானியத்தில் 30 சதவிகிதத்தைச் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கினார்கள். 2017-ல் யூனியனின் தணிக்கையாளர்களே கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பணத்தால் சாகுபடி முறை மாறியது, சுமார் 5 சதவிகித நிலத்தில் மட்டும்! பேப்பரில் பச்சை, வயலில் பழைய கதை. ஐரோப்பாவின் வயல்வெளிப் பறவைகள் 1980-க்கும் 2016-க்கும் இடையே பாதிக்கு மேல் குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது.

மான்ஷோல்ட் என்ன ஆனார்? 1972-லேயே, ‘வளர்ச்சிக்கு எல்லை உண்டு’ என்று வாதாட ஆரம்பித்துவிட்டார். பட்டினியைக் கண்ட அதே மனிதர்!

ஆகவே, அடுத்தமுறை ‘அமோக விளைச்சல்’ என்று செய்தி படித்தால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்... அந்த வயலில் இந்த வருஷம் பறவை வந்ததா?