மேற்கு ஆப்பிரிக்க எழுத்துமுறைகளும் கைப்பேசிவழிக் கல்வியும்: என்கோ, அட்லம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கைப்பேசி பரவும் இடமெல்லாம் கல்வியும் பரவும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால், ஒரு சமூகத்தின் எழுத்து அக்கருவிக்குள் இடம்பெறாதவரை, அச்சமூகத்தினர் தம் மரபறிவைப் பிறர் எழுத்தின் வழியாகவே கற்க நேர்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய என்கோ, அட்லம் ஆகிய இரு எழுத்துமுறைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

என்கோ (1949)

பம்பாரா, மனிங்கா முதலிய மண்டிங் மொழிகள் அரபு எழுத்திலும், பிரெஞ்சு ஆட்சியின்போது உரோமன் எழுத்திலும் எழுதப்பட்டு வந்தன. ஆப்பிரிக்க மொழிகளை எழுத இயலாது என ஒரு நூலில் வெளிவந்த கூற்றை மறுக்கும் நோக்கில், கினி நாட்டவரான சொலொமானா காந்தே 1949இல் என்கோ எழுத்தை உருவாக்கினார். மண்டிங் மொழிகளில் 'என்கோ' என்பதற்கு 'நான் சொல்கிறேன்' என்பது பொருள். வலமிருந்து இடமாக எழுதப்படும் இவ்வெழுத்து, பொருளை வேறுபடுத்தும் தொனியையும் குறிகளால் காட்டுகிறது. வரலாறு, மரபு மருத்துவம், சமயம் முதலிய துறைகளில் காந்தே இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினார். அவை பெரிதும் கைப்படிகளாகவே பரவின. 2006இல், யூனெஸ்கோவின் ஆதரவோடு, என்கோ ஒருங்குறியில் இடம்பெற்றது. இதற்கு 57 ஆண்டுகள் ஆயின.

அட்லம் (1989)

கினியின் நசெரேகோரே நகரில், 14 வயது இப்ராகிமா பாரியும் 10 வயது அப்துலாய் பாரியும் ஃபுலானி மொழிக்கு அட்லம் எழுத்தை வகுத்தனர். ஃபுலானிக்கே உரிய சில ஒலிகளை அரபு எழுத்து தெளிவாகக் காட்டாமையே இதற்குக் காரணம். கற்றவர் ஒவ்வொருவரும் மேலும் மூவருக்கேனும் கற்பிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டால் அட்லம் பரவியது. கணினிக்கென அமைந்த தொடக்ககால எழுத்துரு அரபுக் குறியீடுகளின் மீது அமைக்கப்பட்டிருந்தது. ஆதலால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அட்லம் மடல் அரபு எழுத்துகளாகத் தோன்றியது. 2016இல் அட்லம் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட பின்னரே இச்சிக்கலுக்குத் தீர்வு பிறந்தது.

குறியேற்றமும் பயன்பாடும்

ஒருங்குறி எழுத்துக்கு ஓர் எண்ணை மட்டுமே வழங்குகிறது. எழுத்துரு, விசைப்பலகை, இயங்குதள ஆதரவு ஆகியவை இணைந்தால்தான் அது கற்பவர் கையை அடையும். விண்டோஸ் இயங்குதளம் அட்லத்தை 2019இல் ஏற்றது. தமிழின் பட்டறிவும் இதற்குச் சான்றாகும். 1991ஆம் ஆண்டின் முதல் ஒருங்குறிப் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றும், அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று பொருந்தாத பல குறியேற்றங்கள் வழக்கிலிருந்தன.

மரபுச் செல்வங்களை மின்மயமாக்குவதிலும் இவ்வேறுபாடு முதன்மையானது. ஒரு கைப்படியின் ஒளிப்படத்தைக் கைப்பேசியில் காணலாம். ஆனால் அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடவோ, எடுத்தாளவோ, திருத்திப் பதிப்பிக்கவோ அதன் எழுத்து குறியேற்றம் பெற்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்விரு எழுத்துகளையும் வளர்த்தவை கருவிகள் அல்ல. ஒருவர் மற்றொருவருக்குக் கற்பித்த சமூக முயற்சியே அவற்றை வளர்த்தது. கைப்பேசி அம்முயற்சியின் எல்லையை விரிவாக்கியது. எனவே, கைப்பேசிவழிக் கல்வியின் வரலாற்றைக் கருவி அறிமுகமான ஆண்டிலிருந்து தொடங்காமல், எழுத்துக்கான உரிமையை ஒரு சமூகம் கோரிய காலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.