ஏழைக்காகப் பேசிய சமயம்



நான் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த திருக்கோவிலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கின்றது. கபிலர் குன்று என்பது அதன் பெயர். பாரி மாய்ந்தபின், ஆதரவற்ற அவன் மகளிரை ஏற்குமாறு விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் சென்று வேண்டிய புலவர், இறுதியில் இங்கே உயிர் நீத்தார் என்பது மரபு. பிறர்க்காக ஆள்வோர்முன் சென்று பேசுதல் நமக்குப் புதியதன்று. அதனையே சமயத் தொண்டாகக் கொண்டு, கொடிய முறையொன்றை ஒழிக்கப் போராடிய சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்ற பெரியாரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

1879 முதல் 1916 வரை, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 60,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. வறுமை அவர்களை ஊரைவிட்டுத் துரத்திற்று. ஆளெடுப்போரின் ஆசைமொழி கப்பலேற்றிற்று. ஒப்பந்தம் ஐந்தாண்டு. இடையில் வேலையை விட்டு நீங்குவது குற்றம். அதற்கு அபராதமும் சிறையும் உண்டு. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிரை அனுப்பினால் போதும் என்பது விதி. அதனால் குடும்ப வாழ்வு குலைந்தது; தற்கொலை மலிந்தது. ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டில் பாரதியார் கண்ணீர் வடித்தது இப்பெண்களை எண்ணியே அல்லவா?

ஆண்ட்ரூஸ் 1871-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; 1904-இல் கிறிஸ்தவத் தொண்டராக டில்லிக்கு வந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானவர். 1915-இல் நண்பர் பியர்சனுடன் பிஜிக்குச் சென்று, தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டார். மருந்தும் துணியும் வழங்கித் திரும்பியிருந்தால் அவரைக் கருணையாளர் என்று உலகம் போற்றியிருக்கும். அவரோ, ஒப்பந்தமுறையே ஒழியவேண்டும் என்று 1916-இல் அறிக்கை வெளியிட்டார். அவ்வாண்டு மார்ச்சில் மதன்மோகன் மாளவியா சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு ஏற்றார். ஆயினும் ஆளெடுப்பு உடனே நிற்கவில்லை. ஆண்ட்ரூஸ் ஓயாமல் எழுதினார், பேசினார். நாடெங்கும் எதிர்ப்பு வலுத்தது. 1917 மார்ச்சில் ஆளெடுப்பு தடுக்கப்பட்டது. அவர் மீண்டும் பிஜி சென்று வந்தார். 1920 சனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. எளியோரின் உறவினர் என்னும் பொருளில் மக்கள் அவரைத் ‘தீனபந்து’ என்றனர்.

விடுதலை பெற்றோரும் வாளா இருந்தாரல்லர். ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற சாது குப்புசாமி, 1926-இல் அங்கே தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். அது பள்ளிகள் பல நடத்திவருகின்றது. சமயம் வேறு, உள்ளம் ஒன்றே.

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறம். அவன் பசிக்கக் காரணமான முறையை மாற்றுக என்று ஆள்வோரிடம் கேட்டலும் அறமே. இன்றும் கல்வராயன் மலையிலிருந்து பலர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்கின்றனர். வடமாநிலத்தார் நம் ஊர்களுக்கு வருகின்றனர். முன்பணம் வாங்கிக் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருட் சிலர் அறியார். அதனைப் படித்துச் சொல்லும் கல்வி உங்களிடம் இருக்கிறது. தொண்டை அங்கிருந்தே தொடங்கலாம்.