ஸ்விஃப்ட்டுக்கு அகலமான வீல்... மாட்டும் முன் இதைப் படிங்க!

அகலமா அலாய் வீல் மாட்டினா கார் கெத்தா நிக்கும். ஹேட்ச்பேக் வாங்கிய பலருக்கும் முதல் ஆசை இதுதான். ஆசை ஓகே, அளவு முக்கியம் பாஸ்!

2018-ல் வந்த ஸ்விஃப்ட்டின் பேஸ் மாடல் டயர் 165/80 ஆர்14. விட்டம் சுமார் 620 மி.மீ. 195/60 ஆர்15 போட்டால் 615 மி.மீ. வித்தியாசம் 1 சதவிகிதத்துக்குள்தான். இது 3 சதவிகிதத்தைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.

ஆஃப்செட்: இது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குச் சுமை கூடும். டயர் ஃபெண்டரில் உரசும்.

நட் துளைகள்: ஸ்விஃப்ட்டுக்கு நான்கு துளை, 100 மி.மீ வட்டம். நடுத்துளையும் ஹப்பில் கச்சிதமாக உட்காரணும். லூஸாக இருந்தால் ஸ்டீயரிங் உதறும்.

லோடு இண்டெக்ஸ்: டயர் தாங்கும் எடைக்கான எண். ஒரிஜினலைவிடக் குறையவே கூடாது.

காய்ந்த ரோட்டில் கிரிப் கூடும். ஆனால், மைலேஜ் குறையும். மழைத் தண்ணியில் வேகமாகப் போனால் அகல டயர் சீக்கிரம் வழுக்கும்.

மாட்டியதும் நாலு பேரை ஏத்தி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்குங்க. உரசுற சத்தம் கேட்டா, யோசிக்காம கழட்டிடுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. மறைச்சா, க்ளைம் நேரத்துல சிக்கல் உங்களுக்குத்தான்!