அறுபது விழுக்காட்டின் பின்னே: மருத்துவக் காப்பீட்டு மானியமும் கர்நாடகச் சோதனையும்

ஏழைகளுக்கு அரசே பிரீமியம் கட்டட்டும், அவர்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்களுக்கு மானியம் வேண்டாம், விலை சரியாக இருந்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள் என்ற கருத்து மருத்துவக் காப்பீடு பற்றிய எழுத்துகளில் வேரூன்றி வருகிறது. வறியோருக்கான திட்டங்களுக்கும் வசதியுள்ளோருக்கான பாலிசிகளுக்கும் நடுவே விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, அதாவது சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் கணித்தபின் இதற்கு வேகம் கூடியது. இக்கருத்துக்குத் துணையாக எடுத்தாளப்படுவது கர்நாடகத்தில் நடந்த ஒரு சமவாய்ப்புச் சோதனை. அந்தச் சோதனை இப்படிப்பட்ட முடிவுக்கு இடம் தரவில்லை என்பதே இங்கு என் வாதம்.

ஆய்வாளர் அனுப் மலானி உள்ளிட்டோர் நடத்திய இச்சோதனையின் அறிக்கை 2021இல் வெளிவந்தது. 435 ஊர்களைச் சேர்ந்த 10,879 குடும்பங்கள் இதில் இடம்பெற்றன. வறுமைக் கோட்டுக்கு மேல் இருந்ததால் அன்றைய ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா திட்டத்தில் சேரும் உரிமை இவற்றுக்கு இல்லை. ஒரு பிரிவுக்கு அதே காப்பீடு இலவசமாகத் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு விலைக்கு விற்கப்பட்டது. மூன்றாவது பிரிவு விலை கொடுத்தே வாங்க வேண்டும், ஆனால் பிரீமியத்துக்கு ஈடான பணம் நிபந்தனையின்றி அதன் கையில் தரப்பட்டது. நான்காவது பிரிவுக்கு எதுவும் இல்லை. இலவசப் பிரிவில் 78.71 விழுக்காட்டுக் குடும்பங்கள் சேர்ந்தன. விலைப் பிரிவில் 59.91.

இந்த இரண்டு எண்களை வைத்துக் கட்டப்படும் வாதம் எளிமையானது. ஐந்தில் மூன்று குடும்பங்கள் தம் காசைக் கொடுத்தே வாங்குகின்றன. இலவசமாக்கினால் கூடுவது 19 புள்ளிக்கும் குறைவு. ஆகவே முழு மானியத்தின் பெரும்பகுதி, மானியம் இல்லாவிட்டாலும் சேர்ந்திருக்கக்கூடியவர்களுக்கே போய்ச் சேருகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் 59.91 என்பது எந்த விலைக்கான பதில் என்ற கேள்வியை இவ்வாதம் கேட்பதேயில்லை.

அந்த விலையை நிர்ணயித்தது சந்தையன்று. ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில் மாவட்டவாரியாக டெண்டர் விடப்பட்டது. பட்டியலில் உள்ள குடும்பங்களை மொத்தமாக ஏற்கும் நிறுவனங்கள் ஏலம் கேட்டன. தொடக்க விதிகளின்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியத்தின் உச்சவரம்பே 750 ரூபாய். காப்புத் தொகை 30,000 ரூபாய். வயது வரம்பு இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. இந்த நிபந்தனைகளோடு, இந்த அளவு கட்டணத்தில், தனிக் குடும்பம் ஒன்றுக்குத் தன் கிளையில் பாலிசி எழுதும் நிறுவனம் எதுவும் இல்லை. எழுதினால் நோயாளிகள் மட்டுமே வந்து சேர்வார்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். ஊர் முழுவதையும் ஒரே கூடையில் சேர்த்து, நலமாக இருப்பவரின் பிரீமியத்தால் நோயாளியின் செலவை ஈடுகட்டும் ஏற்பாட்டைச் செய்தது அரசு. விலைப் பிரிவுக்குக் கிடைத்ததும் அந்த ஏற்பாட்டின் பலனே. மானியமற்றது என்று காட்டப்படும் விலைக்குள் மானியம் ஒளிந்திருக்கிறது. அது ரொக்கமாக இல்லை, அவ்வளவுதான்.

இந்த வாசிப்பை உரசிப் பார்க்க ஒரு பழைய திட்டம் உதவுகிறது. 2003இல் மத்திய அரசு அறிவித்த அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நான்கும் விற்றன. மருத்துவமனைச் செலவுக்கான காப்பு அதே 30,000 ரூபாய். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்ற கணக்கில் ஐவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 548 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதில் 100 ரூபாய் மானியம். முதல் ஆண்டு முடிவில், நாடு முழுவதிலும் சேர்ந்திருந்த வறியோர் குடும்பங்கள் சுமார் 11,000 மட்டுமே. 2004இல் மானியம் 300 ரூபாயாக உயர்ந்து, ஐவர் குடும்பம் கட்ட வேண்டியது 248 ரூபாயாகக் குறைந்தது. அதன் பிறகும் திட்டம் எழுந்து நிற்கவில்லை.

ஒரே காப்புத் தொகை. கட்டணமும் சில நூறு ரூபாய்க்குள்தான். ஓரிடத்தில் ஊரில் ஐந்தில் மூன்று குடும்பங்கள், இன்னோரிடத்தில் நாடு முழுவதிலும் சுமார் 11,000 வறியோர் குடும்பங்கள். இந்த வேறுபாட்டை விலையால் விளக்க முடியாது. 2003 திட்டத்தில் சேர, வறுமைச் சான்று வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் கிளையையோ முகவரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. சொற்பக் கமிஷனுக்காக முகவர் கிராமத்துக்கு வரப்போவதில்லை. மாறாக, ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில் பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ முகாம் போட்டார்கள். பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, குடும்பத்தை நிற்கவைத்துப் படம் எடுத்து, கைரேகை பதிந்து, 30 ரூபாய் வாங்கிக்கொண்டு அட்டையை அங்கேயே அச்சடித்துத் தந்தார்கள். சேர்ந்த குடும்பத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பவே நிறுவனத்துக்குப் பணம் வரும் என்பதால் ஆளைச் சேர்ப்பதில் நிறுவனத்துக்கே அக்கறை இருந்தது. கர்நாடகச் சோதனையிலும் குடும்பங்களைத் தேடிப் போய்ச் சேர்த்தார்கள். அந்த உழைப்புக்கு ஆன செலவு பிரீமியக் கணக்கில் வராது; சேர்க்கையைத் தீர்மானித்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்றே கருதுகிறேன். 2003 திட்டத்துக்கும் இச்சோதனைக்கும் இடையே பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு, கூலி உயர்ந்திருக்கிறது, மக்கட்பிரிவும் வேறு. எனவே இதை முடிந்த முடிவாக வைக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்புமா என்பது ஐயமே.

சேர்க்கை இருக்கட்டும், செலவு தாங்கும்படி ஆனதா? சோதனை அறிக்கையின் இந்தப் பகுதி அதிகம் எடுத்தாளப்படுவதில்லை. அட்டை பெற்றவர்களில் பலரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. உடல்நலக் குறியீடுகளில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க மாற்றமும் தென்படவில்லை. அட்டை பயன்படாமல் போவதன் விலை என்ன என்பதைத் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) காட்டுகிறது. பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன் அனுமதி கிடைக்காமல் திரும்பும் குடும்பத்துக்கு, பிரீமியம் இலவசமா சில நூறு ரூபாயா என்பது ஒரு பொருட்டே அல்ல.

சேர்க்கை எண்ணிக்கையே எவ்வளவு வழுக்கலானது என்பதற்கும் அதே சுற்று சான்று. அதில் காப்பு உள்ளவர்கள் ஊரகத்தில் சுமார் 14 விழுக்காடு, நகரத்தில் 19. அதற்கு முந்தைய தேசியக் குடும்பநல ஆய்வு (2015–16) 28.7 என்றது, பிந்தையது (2019–21) 41 என்றது. குடும்பநல ஆய்வு, வீட்டில் ஒருவருக்குக் காப்பு இருந்தாலும் அந்த வீட்டையே எண்ணிவிடுகிறது. அதே 2019–21 ஆய்வில் தனி ஆளாக எண்ணினால் பெண்களில் 30, ஆண்களில் 33 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் 2009 முதல் பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. அங்கும் இந்த இரு குடும்பநல ஆய்வுகளுக்கிடையே வீட்டளவிலான எண் 64இலிருந்து 66.5க்கே நகர்ந்தது. விலை பூச்சியமான இடத்திலும் மூன்றில் ஒரு வீடு வெளியே நிற்கிறது என்றால், தடையைப் பிரீமியத்தில் மட்டும் தேடுவது வீண். வருமான வரம்பால் விலக்கப்பட்டவர்களும் அதில் உண்டுதான், எல்லோரும் அவர்களல்லர்.

இலவசமாகக் கிடைத்ததற்கு மதிப்பிருக்காது என்ற மறுப்பு நெடுநாளையது. பயன்படுத்த முயன்று முடியாமற்போனவர்களை மதிப்பறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. அரசின் கை நீளாது என்பது மற்றொரு மறுப்பு. வசதியுள்ளோர் வரை அது ஏற்கெனவே நீள்கிறது. பழைய வருமான வரி முறையில் 80டி பிரிவின்கீழ் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 50,000 ரூபாய் வரை பிரீமியத்துக்குக் கழிவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இவற்றை யாரும் மானியம் என்று குறைகூறுவதில்லை.

கர்நாடக எண்ணைப் புறந்தள்ளச் சொல்லவில்லை. அரசு பேரம்பேசிக் குறைத்த விலையில், ஆள் தேடி வந்து விற்றால், ஐந்தில் மூன்று குடும்பங்கள் வாங்கும் என்று அது சொல்கிறது. அந்தப் பேரமும் ஆளும் இல்லாத சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இருக்கும் ஒரே பெரிய சான்று 2003 திட்டம். அது நம்பிக்கை தருவதாக இல்லை. இனிவரும் சோதனைகள் விலையையும் சேர்க்கும் முறையையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க வேண்டும். சேர்ந்தவர்களை எண்ணுவதோடு நிற்காமல், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையிலிருந்து கொடுத்த தொகையை முதன்மை அளவாக வைக்க வேண்டும். அதுவரை, விடுபட்ட 40 கோடிப் பேருக்கு மானியம் வேண்டாம் என்று தீர்ப்பெழுத இந்தச் சோதனையைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.