காக்கி: மறைய வந்த நிறம்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல கூட்டத்தைப் பாருங்க. சட்டுனு கண்ணுல படற நிறம் எது? காக்கி. போலீஸா, ஆட்டோ ஓட்டுறவரான்னு கிட்ட போனாத்தான் தெரியும். ஆனா காக்கின்னு தூரத்துலயே தெரிஞ்சிடும். வேடிக்கை என்னன்னா, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் இந்த நிறத்தையே கொண்டு வந்தாங்க. இந்த எபிசோடுல அந்தக் கதை. கூடவே, வீட்டுல இருக்கறதை வெச்சு நாமளே ஒரு உருமறைப்புத் துணி செஞ்சா, அது திண்டிவனம் பக்கம் எடுபடுமான்னும் பார்த்தேன். அதையும் சொல்றேன்.

மறைஞ்சிருக்கறது இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்ல. சங்க காலத்துல திண்டிவனம் பக்கம் ஓய்மாநாடு. சிறுபாணாற்றுப்படை பாடற நல்லியக்கோடனோட நாடு. அதுல வர்ற கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கு. கொஞ்சம் வடக்கே போனா காஞ்சிபுரம். அங்க ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடறது பெரும்பாணாற்றுப்படை. அந்தப் பாட்டுல எயினர்களோட வேட்டை வருது. தண்ணி குடிக்க வர்ற பன்றிக்காக ராத்திரியில குழிக்குள்ள ஒடுங்கிக் காத்திருக்காங்க. விளாமரத்துல ஒரு மானைப் பழக்கிக் கட்டி வெச்சிருக்காங்க. காட்டு மானை ஏமாத்தி வரவழைக்கற அந்த மானுக்குப் பழந்தமிழ்ல 'பார்வை'ன்னு பேரு. இவங்க நம்பினது உடையோட நிறத்தை இல்ல. இருட்டு, பள்ளம், மிருகத்தோட பழக்கம், இதைத்தான். இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

இப்ப ஒரு தாவு தாவி 1846-க்குப் போவோம். பெஷாவர்ல ஹாரி லம்ஸ்டன்ங்கற ஆங்கில அதிகாரி 'கைட்ஸ்'னு ஒரு படையை உருவாக்கறார். வேலை, முன்னாடி போய் உளவு பார்க்கறது. அந்தக் காலத்து ஆங்கிலப் படைன்னாலே சிவப்புக் கோட்டு, வெள்ளை பெல்ட். அந்தப் புழுதி மலையில அதைப் போட்டுட்டு உளவு பார்த்தா எப்படி இருக்கும்? அதனால பருத்தித் துணியை அங்க கிடைச்ச சாயத்துலயே முக்கி மண் நிறமாக்கினாங்க. பாரசீகத்துல 'காக்'னா புழுதி, மண்ணு. காக்கிங்கற சொல் அதுல இருந்துதான் வந்தது.

1857 கிளர்ச்சி நேரத்துல இது பரவுச்சு. கோடை வெயில்ல நடந்த ஆங்கிலச் சிப்பாய்கள், தங்களோட வெள்ளை உடுப்பைத் தேயிலை, காபி, மண்ணுன்னு கிடைச்சதுல முக்கிக்கிட்டாங்க. காக்கி பரவின கதையோட தொடக்கத்துல இருக்கறது ஒரு டீத்தூள் பாத்திரம்னா நம்புவீங்களா? ஒரே சிக்கல், துவைக்கத் துவைக்க சாயம் வெளுத்து, ஆளுக்கு ஒரு நிறமாச்சு. 1884-ல் பிரெடரிக் கேட்டி வெளுக்காத காக்கிச் சாயத்துக்கு இங்கிலாந்துல காப்புரிமை வாங்கினதும் அது ஆலைச் சரக்காயிடுச்சு.

அதுக்கப்புறம் காக்கி காட்டை விட்டு ஊருக்குள்ள வந்தது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துலயும் அமலாச்சு. குறவர், கள்ளர் உட்படப் பல சமூகத்தாரைப் பிறப்பை வெச்சே பதிவு செஞ்சாங்க. எங்க போறோம், எங்க தூங்கறோம்னு போலீஸுக்குக் கணக்குச் சொல்லணும். தான் மறையறதுக்காக உருவான உடை, அடுத்தவன் எப்பவும் தன் கண்ணுலயே இருக்கணும்னு கேக்கற உடையா மாறிடுச்சு. இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துல 1947-ல்தான் ரத்தாச்சு.

சரி, வெறும் மண் நிறம் போதாதுன்னு எப்பத் தெரிஞ்சது? அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1909-ல் வெளிவந்த புத்தகத்துல விலங்குகளோட நிறத்தை விளக்கினார். மீன் மார்க்கெட்ல மத்தி பார்த்திருப்பீங்க. முதுகு கருப்பு, வயிறு வெள்ளி. மேலருந்து வெளிச்சம் விழுந்து முதுகு பளிச்சுனு ஆகும், வயித்துல நிழல் விழும். நிறம் அதுக்கு நேர்மாறா இருக்கறதால ரெண்டும் சமமாகி, உருண்டை உடம்பு தட்டையாத் தெரியும். 1915-ல் பிரான்ஸ் ராணுவம் ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புப் பிரிவே தொடங்குச்சு. தலைமை, கிராண்ட் த செவோலாங்கற ஓவியர். பீரங்கி மேல திட்டுத்திட்டா வண்ணம் அடிச்சாங்க. நிறம் ஒத்துப்போனா மட்டும் போதாது, உருவத்தோட விளிம்பு உடையணும்ங்கறது அவங்க கணக்கு.

இதையெல்லாம் படிச்சதும் நானும் செஞ்சு பார்த்தேன். பழைய வெள்ளை வேட்டி ரெண்டு. கெட்டி டிகாக்‌ஷன்ல ஊறவெச்சா பழுப்பு நிறம். துருப்பிடிச்ச ஆணி ஊறின தண்ணியை அது மேல விட்டா, தேயிலையில இருக்கற டேனினும் இரும்பும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறம். ஒரு துணியில சின்னச் சின்னப் புள்ளி. இன்னொண்ணுல கையகலத் திட்டு. நண்பர் போர்த்திக்கிட்டு உட்கார, நான் 20, 50, 100 அடி தள்ளி நின்னு போட்டோ எடுத்தேன். அப்புறம் கறுப்பு வெள்ளையா மாத்திப் பார்த்தேன். நிறத்தை எடுத்துட்டா வெளிச்ச வித்தியாசம் அப்பட்டமாத் தெரியும்.

செஞ்சிப் பாறைகள் நடுவுல திட்டுத் துணி நல்லாவே கலந்துச்சு. புள்ளித் துணி 100 அடியில ஒரே நிறமாக் குழைஞ்சு, உள்ள ஆள் உட்கார்ந்திருக்கற வடிவம் அப்படியே தெரிஞ்சது. வானூர் பக்கம் செம்மண்ணுல ரெண்டுமே தோல்வி. கழுவெளிக் கரையில ஜனவரி மாசம், பச்சைக் கோரைக்கு முன்னாடி, பழுப்பு எடுபடவே இல்ல. ஆனா கோரைக்குப் பின்னாடி, வானம் முதுகுக்கு வராத மாதிரி தாழ்வா, அசையாம உட்கார்ந்தப்ப எந்தத் துணியா இருந்தாலும் ஆள் தெரியல. எயினர் குழிதான் ஜெயிச்சது.

பறவை போட்டோ எடுக்கப் போற நண்பர்களுக்கு ரெண்டு விஷயம். கழுவெளி 2021 டிசம்பர்ல சரணாலயமா அறிவிச்ச இடம், 5,000 ஹெக்டேருக்கு மேல. உருமறைப்பு போட்டிருக்கோம்னு கூடு வரைக்கும் போகாதீங்க. பல பறவைகளுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். 'பளிச் வெண்மை' தர்ற சோப்புத்தூள்ல துவைச்ச துணி, நம்ம கண்ணுக்கு மங்கலா இருந்தாலும் அதுங்களுக்கு மின்னலாம். ரெண்டாவது, ராணுவ டிசைன் சட்டை வேண்டாம். 2022 ஜனவரியில அறிமுகமான புது ராணுவ உடையோட டிசைனுக்கு ராணுவம் உரிமையும் பதிவு செஞ்சிருக்கு. சிப்பாய்னு நம்ப வைக்கற எண்ணத்தோட ராணுவ உடை போட்டா பாரதிய நியாய சன்ஹிதா 168-ன்படி குற்றம். அதோட அந்த டிசைன் கோரைப்புல்லுக்காகச் செஞ்சதும் இல்ல.

ஒரு துணி மறைக்குதா காட்டுதாங்கறது, பின்னாடி என்ன இருக்கு, பார்க்கறது யாருங்கறதைப் பொறுத்தது. உங்க ஊர் ஏரிக்கரை என்ன நிறம்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கோடையில ஒண்ணு, மழைக்காலத்துல ஒண்ணு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.